அறுவைக்குப் பின் சுண்டெலிக்கு வலி மருந்து கொடுத்தால் டேட்டா கெட்டுவிடுமா?

கேள்வி: புது ஆய்வு மாணவி

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன். மூட்டுத் தேய்மானம் பற்றிய வேலை. சுண்டெலியின் முழங்காலில் மெனிஸ்கஸை (மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு) பிடித்து வைத்திருக்கும் லிகமென்ட்டை, அதாவது இணைப்பு நாரை, வெட்டிவிட்டால் சில வாரங்களில் குருத்தெலும்பு தேயத் தொடங்கும். 8 வாரம் கழித்து மூட்டை எடுத்து, சீவி, நிறமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து மதிப்பெண் போடுவோம்.

எங்கள் ஆய்வகத்தில் அறுவைக்குப் பின் வலி மருந்து கொடுப்பதில்லை. கேட்டால், "அது அழற்சியைக் குறைத்துவிடும், அப்புறம் டேட்டாவை நம்ப முடியாது" என்கிறார் சீனியர். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அறுவை செய்த எலிகள் முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் இருக்கின்றன. தொட்டால் நகர்கின்றன, கத்துவதில்லை. "வலி இருந்தால் இப்படி ஓடுமா?" என்று கேட்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை என்பதைக் காரணமாகச் சொல்லி யாரிடமும் பேசவும் முடியவில்லை. அறிவியல் காரணம் இருந்தால் சொல்லுங்கள். இன்னொன்று, எலியை வாலைப் பிடித்துத்தான் தூக்கச் சொல்கிறார்கள். அது சரியா?

பதில்: விலங்கறை மருத்துவர்

ஆய்வக விலங்குகளைப் பார்த்துக்கொள்ளும் கால்நடை மருத்துவர் நான். இந்தக் கேள்வியைப் பலர் மனதுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். நீங்கள் வெளியே கேட்டதே நல்லது.

முதலில் "கத்தவில்லையே" என்பதைப் பார்ப்போம். சுண்டெலி மற்ற மிருகங்களுக்கு இரையாகும் உயிர். நோவைக் காட்டிக்கொண்டால் பூனையும் ஆந்தையும் முதலில் அதைத்தான் தூக்கும். அதனால் மனிதர் வந்து நின்றால் அது வலியை மறைக்கும், ஓடவும் செய்யும். நீங்கள் கூண்டைத் தொடாமல் சற்றுத் தள்ளி நின்று, அது உங்களை மறக்கும்வரை காத்திருந்து முகத்தைப் பாருங்கள். கண் இடுங்கியிருக்கும். மூக்குப் பாலமும் கன்னமும் உப்பியிருக்கும். காது பின்னுக்குப் போய் விரிந்திருக்கும். மீசை முகத்தோடு ஒட்டியோ விறைத்தோ நிற்கும். இந்த ஐந்துக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போடும் அளவுகோலை 2010-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழுவினர் வெளியிட்டார்கள். கேமராவை வைத்துவிட்டு நீங்கள் வெளியே போய்விட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அதைவிடச் சுலபமான சோதனையும் உண்டு. கூடு கட்டுவதற்கான புதுப் பஞ்சுத் துண்டு ஒன்றைக் கூண்டில் போடுங்கள். நலமாக இருக்கும் சுண்டெலி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் அதை இழுத்துக்கொண்டு போய்ப் பழைய கூட்டில் சேர்த்துவிடும். வலியில் இருப்பது அதைச் சீந்தாது. உங்கள் சீனியரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். நீங்கள் தனியாக வாதாட வேண்டியிருக்காது.

இப்போது டேட்டா. "மருந்து கொடுக்காவிட்டால் எலி இயல்பாக இருக்கும், கொடுத்தால் மாறிவிடும்" என்ற எண்ணத்தில்தான் கோளாறு. அறுவை முடிந்த எலி எப்படியும் இயல்பாக இல்லை. வலி இருந்தால் உடல் கார்ட்டிகோஸ்டீரோனைச் சுரக்கும். அந்த ஹார்மோனே அழற்சியை அடக்கக்கூடியதுதான். எலி சாப்பிடாது, எடை குறையும், தூக்கம் கெடும், நோய் எதிர்ப்பும் மாறும். அதுவும் எலிக்கு எலி வெவ்வேறு அளவில் மாறும். ஆக, வலி மருந்தை நிறுத்தியதால் உங்கள் ஆய்வுக்குள் ஒரு மருந்து குறையவில்லை. அளக்கப்படாத ஒரு காரணி கூடியிருக்கிறது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

சீனியர் சொல்வதில் பாதி உண்மையும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மெலாக்சிகாம், கார்புரோஃபென் போன்ற வலி மருந்துகள் அழற்சிப் பாதையிலேயே கைவைப்பவை. அழற்சிதான் உங்கள் கேள்வி என்றால் அவற்றைத் தவிர்க்க நியாயம் உண்டு. ஆனால் "இந்த வகை வேண்டாம்" என்பது வேறு, "எதுவுமே வேண்டாம்" என்பது வேறு. பியூப்ரினார்ஃபின் என்ற ஓபியாய்டு வகை வலி மருந்து வேறு வழியில் வேலை செய்கிறது. அதற்கும் பக்கவிளைவு உண்டு. சுண்டெலி கொஞ்ச நேரம் துறுதுறுவென்று ஓடும், அதை "வலியே இல்லை" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதாரண பியூப்ரினார்ஃபின் சில மணி நேரம்தான் நிற்கும், ஒரு ஊசியோடு மறுநாள் வரை விட முடியாது. இரண்டு மூன்று நாள் வரை நிற்கும் வகையும் இருக்கிறது. உங்கள் விலங்கறை மருத்துவரிடம் கேளுங்கள்.

நாள் கணக்கையும் பாருங்கள். நீங்கள் மூட்டைப் பார்ப்பது 8 வாரம் கழித்து. மருந்து தேவைப்படுவது முதல் இரண்டு மூன்று நாள். சந்தேகம் தீராவிட்டால் சில எலிகளை வைத்து முன்னோட்டம் ஒன்று செய்து பார்க்கலாம். சோதித்துப் பார்க்காமலே "டேட்டா போய்விடும்" என்று சொல்வதை நான் அறிவியல் காரணமாக ஏற்கமாட்டேன்.

மருந்தோடு முடிந்துவிடுவதில்லை. கால் நோகும் எலி பின்னங்காலில் எழுந்து நின்று மேல்தட்டிலிருக்கும் தீவனத்தைக் கடிக்க முடியாது. தீவனத்தை நனைத்துக் கூண்டின் தரையில் வையுங்கள், தண்ணீர்ப் புட்டிக்கு நீளக் குழாய் போடுங்கள். மயக்கத்தில் அதன் உடல் சூடு வேகமாக இறங்கும். விழித்து நடக்கும்வரை வெதுவெதுப்பில் இருக்கட்டும். தினமும் எடை பாருங்கள்.

பதில்: கூண்டுப் பராமரிப்பாளர்

வால் கேள்விக்கு நான் சொல்கிறேன், தினமும் கையில் எடுப்பது நாங்கள்தானே. வாலைப் பிடிக்காதீர்கள். குழாயில் ஏறவிட்டோ, இரண்டு கையையும் குவித்து அள்ளியோ எடுத்த சுண்டெலிகளுக்குப் பதற்றம் குறைவு என்று லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு 2010-இல் வந்தது. வாலில் தூக்கினால் கையிலேயே சிறுநீரும் புழுக்கையும் போடும், பார்த்திருப்பீர்கள். அது பயம்.

கூண்டிலேயே ஒரு குழாயைப் போட்டு வைத்துவிடுங்கள். அதற்குள்தான் அது படுத்துக் கிடக்கும். எடுக்க வேண்டிய நேரத்தில் அது உள்ளே போகும்படி மெதுவாக ஒதுக்கிவிட்டு, இரண்டு முனையையும் கையால் மறைத்துத் தூக்கினால் போதும். பழகிய பிறகு வாலில் தூக்குவதைவிட அதிக நேரம் ஆகாது.

இந்த மாதிரி வேலைக்குப் பெரும்பாலும் ஆண் எலிகளைத்தான் எடுப்பார்கள். கூண்டு மாற்றினால் அவை சண்டை போடும், தையல் பிரியும். பழைய கூட்டுப் பஞ்சைப் புதுக் கூண்டுக்கு மாற்றுங்கள், சண்டை குறையும். அழுக்கு மரத்தூளை மட்டும் சேர்த்துக் கொண்டுபோகாதீர்கள், அது சண்டையைக் கூட்டிவிடும்.

பதில்: புள்ளியியல் பார்ப்பவர்

ஒன்றே ஒன்றைச் சேர்க்கிறேன். லிகமென்ட்டை வெட்டாமல் மூட்டை மட்டும் திறந்து மூடும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் அதே மருந்து, அதே அளவு, அதே நேரம். இல்லையென்றால் இரண்டு குழுவுக்கும் இடையில் தெரிவது தேய்மானமா மருந்தா என்று பிரிக்கவே முடியாது. எந்தக் கூண்டை யார் கையாண்டார் என்றும் எழுதி வையுங்கள். ஆண் ஆய்வாளரின் வாசனையே எலிகளின் வலி அளவீட்டை மாற்றுகிறது என்று 2014-இல் காட்டியிருக்கிறார்கள். கட்டுரை எழுதும்போது மருந்து விவரத்தையும் கொடுங்கள், விலங்கு ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லும் அராய்வ் (ARRIVE) வழிகாட்டி அதைக் கேட்கிறது. எலிகளிடையே ஏற்ற இறக்கம் குறைந்தால் அதே விடைக்கு எலிகளும் குறைவாகவே தேவைப்படும்.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. பஞ்சுத் துண்டை இன்று போட்டுப் பார்த்தேன். அறுவை ஆகாத கூண்டுகளில் கூட்டுக்குப் போய்விட்டது. நேற்று அறுவை ஆன கூண்டில் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. சீனியரும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நெறிமுறைக் குழு அனுமதித்த எங்கள் விண்ணப்பத்தையும் எடுத்துப் படித்தேன். அதில் பியூப்ரினார்ஃபின் என்று எழுதியே இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

பதில்: விலங்கறை மருத்துவர்

அப்படியென்றால் முதலில் நேற்றைய எலிகள். இந்தப் பதிலைப் படித்ததும் உங்கள் விலங்கறை மருத்துவரைக் கூப்பிட்டு அவற்றைக் காட்டுங்கள். மீதியெல்லாம் அப்புறம்.

எழுதி அனுமதி வாங்கிய மருந்தைக் கொடுக்காமல் இருப்பது அனுமதியை மீறுவது. கைடிடம் "சரியா தவறா" என்று விவாதிக்கப் போகாதீர்கள். "விண்ணப்பத்தில் இப்படி இருக்கிறது, நாம் செய்வது வேறாக இருக்கிறது, கட்டுரை அனுப்பும்போது கேட்பார்கள்" என்று தாளைக் காட்டிப் பேசுங்கள். தயக்கமாக இருந்தால் மருத்துவரையே பேசச் சொல்லலாம். உங்கள் பெயரை இழுக்காமல் அவரால் கேட்க முடியும்.

அடுத்த அறுவையில் முதல் ஊசியைக் கத்தி வைப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள், வலி தொடங்கிய பிறகு துரத்துவது கடினம். வெள்ளிக்கிழமை அறுவை வைக்காதீர்கள். வாரத் தொடக்கத்தில் வைத்தால் இரவு ஊசிக்கும் மறுநாள் எடைக்கும் ஆள் இருப்பார்கள்.