அம்மாவின் பிராவிடண்ட் பணம்: இந்த ஈடிஎஃப் எங்களுக்குப் புரிகிற சரக்கா?

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்கிறேன்.
அம்மா டர்பன் துணி ஃபேக்டரியில் 31 வருஷம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். வந்த பிராவிடண்ட் பணத்தில் 80,000 ரேண்டை ஈடிஎஃப்பில் (பங்குபோலவே சந்தையில் வாங்கி விற்கிற ஃபண்ட்) போடச் சொல்லி ஒருவர் வீட்டுக்கே வந்து இரண்டு தாள் வைத்துவிட்டுப் போனார். ஒன்று ஜோஹன்னஸ்பர்க் டாப் 40. இன்னொன்று ஓர் அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீட்டின் 'தினசரி நகர்வில் இரண்டு மடங்கு'. "இரண்டும் ஈடிஎஃப்தானே, இந்த இரண்டாவது சீக்கிரம் வளரும்" என்கிறார். வியாழக்கிழமை கையெழுத்து வாங்க வருகிறார். அம்மாவுக்கு எப்படி விளக்குவது?

பீனிக்ஸ் அக்கா:
தம்பி, வியாழக்கிழமை கையெழுத்து வேண்டவே வேண்டாம். முதலில் அவருடைய எஃப்எஸ்பி எண்ணை (நிதிச் சேவை உரிம எண்) கேட்டு, நிதித்துறையைக் கண்காணிக்கும் எஃப்எஸ்சிஏ தளத்தில் தேடிப் பார்.

டாப் 40 புரிகிற சரக்கு. இங்குள்ள 40 பெரிய கம்பெனிகளின் பங்குகள் அதில் இருக்கும், அவ்வளவுதான். சாட்ரிக்ஸ் 40 என்ற ஈடிஎஃப் இந்த வகையில் 2000-இலேயே வந்தது. புரிகிறது என்பதால் விழாது என்று நினைக்காதே. சுரங்கக் கம்பெனிகள் சறுக்கினால் அதுவும் சறுக்கும். ஐந்து வருஷத்துக்குள் தேவைப்படும் பணத்தை அதில் போடக்கூடாது.

மற்றதில் 'தினசரி' என்ற சொல்லைத்தான் பார்க்க வேண்டும். குறியீடு 100. இன்று 10 விழுக்காடு ஏறி 110, நாளை 10 விழுக்காடு இறங்கி 99. இரட்டை மடங்கில் 100 போட்டவருக்கு இன்று 120, நாளை 20 விழுக்காடு போய் 96. குறியீட்டுக்கு 1 நஷ்டம், அவருக்கு 4. இப்படி ஏறி இறங்கியே ஒரு வருஷம் போனால் குறியீடு நின்ற இடத்திலேயே நின்றாலும் இவர் பணம் கரையும். அது ஒரு நாள் வியாபாரம் செய்பவர்களின் கருவி. ஓய்வுபெற்ற அம்மாவிடம் அதை நீட்டியது எனக்குக் கோபமாக இருக்கிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:
தாளில் ஈடிஎஃப் என்றிருக்கிறதா, ஈடிஎன் என்றிருக்கிறதா என்றும் பாருங்கள். ஈடிஎன் என்றால் வெளியிட்ட வங்கிக்கு நாம் கொடுத்த கடன். பின்னால் பங்குகள் இருக்க வேண்டியதில்லை. 2018 பிப்ரவரியில் அமெரிக்காவில் எக்ஸ்ஐவி என்ற ஈடிஎன் ஒரே நாளில் 90 விழுக்காட்டுக்கு மேல் இழந்தது.

கேட்டவர்:
அக்கா, அந்தக் கணக்கை அம்மாவுக்குக் காசு வைத்துக் காட்டினேன். "ஏறினதும் பத்து, இறங்கினதும் பத்து, என் நாலு ரேண்ட் எங்கே போச்சு?" என்றார். இரண்டாவது தாளைத் திருப்பிக் கொடுக்கிறோம். கூரை வேலைக்கான 25,000 வங்கியிலேயே இருக்கட்டும். மிச்சத்துக்கு டாப் 40 என்றால் செலவு எவ்வளவு பிடிப்பார்கள்?

பீனிக்ஸ் அக்கா:
ஃபண்டின் தாளில் டிஇஆர் என்று இருக்கும், அதாவது ஃபண்ட் வருஷத்துக்குப் பிடிக்கும் மொத்தச் செலவு விழுக்காடு. 55,000-க்கு 1 விழுக்காடு என்றால் வருஷம் 550 ரேண்ட், 0.1 என்றால் 55. அதற்கு மேல் புரோக்கர் கட்டணம் தனி. அதையும் எழுத்தில் கேள்.