வார இறுதியில் கடலோர ஊருக்கு சைக்கிள் பயணம்: மூணு வழியில எது?

புதுச்சக்கரம் கேட்டது:
வணக்கம். நானும் நண்பரும் வர்ற சனிக்கிழமை ஒரு கடலோர ஊருக்கு சைக்கிள்ல போய், ராத்திரி தங்கி, ஞாயிறு திரும்பலாம்னு இருக்கோம். கடல் எங்களுக்குக் கிழக்கே இருக்கு. நெடுஞ்சாலை வழியா 84 கி.மீ., நேரா போகும், ஆனா லாரி அதிகம். ஊர்களுக்கு உள்ளே போற சின்னச் சாலைகள்ல 96. மூணாவது, சீக்கிரமே கரையைத் தொட்டு கடலோரமாவே போறது, 110 வரும். பெரிய மேடு எதுலயும் இல்ல. என்னுது ஹைப்ரிட், 35 மி.மீ. டயர். நண்பருக்கு ரோடு பைக், 25 மி.மீ. ஒரே நாள்ல நான் ஓட்டின அதிகபட்சம் 60 கி.மீ. காலைல 7 மணிக்குக் கிளம்புறதா திட்டம். எதுல போகட்டும்?

கரைப்பயணி:
முதல்ல கிளம்புற நேரத்தை மாத்துங்க. வெயில் ஏற ஏற நிலம் கடலைவிட வேகமா சூடாகும். அந்தச் சூட்டுல காத்து மேலே எழும்ப, அந்த இடத்துக்குக் கடல்லேர்ந்து காத்து உள்ளே வரும். தெளிவான நாள்ல முற்பகல்ல ஆரம்பிச்சு பிற்பகல்ல உச்சத்துக்குப் போகும். ராத்திரியில இது தலைகீழ். நிலத்துலேர்ந்து கடலுக்கு லேசா வீசும், விடியற்காலை வரைக்கும் இருக்கும்.

7 மணிக்குக் கிளம்பினா, கால் ஓய்ஞ்சுபோன கடைசி 30 கி.மீ.ல எதிர்காத்து மூஞ்சியில அடிக்கும். 18 கி.மீ. வேகத்துல போறப்ப எதிரே 15 கி.மீ. வேகத்துல காத்து வீசினா, காத்தோட தடை மூணு மடங்குக்கும் மேல ஆயிடும். 60 கி.மீ. ஓட்டினவருக்கு 96 முடியாத தூரம் இல்ல. ஆனா எதிர்காத்துல அந்த மிச்ச தூரம் ரொம்ப நீளும். 4.30க்கு வண்டி நகரணும். மேகமூட்டமா இருந்தாலோ, அந்தப் பருவத்துக் காத்து பலமா இருந்தாலோ இந்தக் கணக்கு மாறும். அதனால முந்தின நாள் ராத்திரி மணிவாரியா காத்து நிலவரம் பாருங்க.

நெடுவழி:
நேரம் பத்தி அண்ணன் சொன்னது சரி. ஆனா அதோட இன்னொன்னும் இருக்கு. கிழக்கே பார்த்துப் போறீங்க. சூரியன் எழும்பி ஒரு மணி நேரம் வரைக்கும் வெளிச்சம் நேரா கண்ணுல விழும். உங்களுக்கு மட்டுமில்ல, பின்னாடி வர்ற லாரிக்காரருக்கும்தான். கண்ணு கூசுற டிரைவருக்கு ஓரத்துல போற சைக்கிள் தெரியாமலே போகலாம். அந்த ஒரு மணி நேரம் நீங்க நெடுஞ்சாலையில இருக்கவே கூடாது. என் ஓட்டு உள்சாலைக்குத்தான். பின்விளக்கு பகல்லயும் எரியட்டும்.

சைக்கிள் ஓட்டுறவங்க தங்களோட பயணத்தைப் பதியுற ஸ்ட்ராவா செயலியில, எந்தச் சாலையில அதிகம் பேர் ஓட்டியிருக்காங்கன்னு காட்டுற வெப்பவரைபடம் இருக்கு. அதுல நெடுஞ்சாலை பளிச்னு தெரியும். அதை நம்பி முடிவு பண்ணாதீங்க. வேகப் பயிற்சிக்காகக் கூட்டமா ஓட்டுறவங்க தடமும் அதுல இருக்கும். சாலை அகலமா, வெள்ளைக்கோட்டுக்கு வெளியே தார் போட்ட ஓரம் இருக்கான்னு செயற்கைக்கோள் படத்துல பெருசாக்கிப் பாருங்க.

முகத்துவாரம்:
கடலோரச் சாலை ஆசையைக் கிளப்பும், எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனா ஆறு கடல்ல சேர்ற இடத்துல பாலம் இருக்கான்னு முதல்ல பாருங்க. வரைபடத்துல கோடு தொடர்ச்சியா இருக்கும், நேர்ல பார்த்தா படகுத்துறை. படகு எப்ப வரும், சைக்கிளை ஏத்துவாங்களான்னு தெரியாம போனா, உள்ளே சுத்தி வர இன்னொரு 20, 30 கி.மீ. ஆகலாம். மணல் படிஞ்ச வளைவுல 25 மி.மீ. டயர் சறுக்கவும் செய்யும். கடலோரத்தை ஞாயிறு காலைல தங்குற ஊர்லேர்ந்து சும்மா ஒரு சுத்து சுத்தி அனுபவிங்க.

புதுச்சக்கரம்:
ரொம்ப நன்றிங்க. அப்ப உள்சாலைதான். நண்பரோட டயர் தாங்குமா? திரும்புறப்பவும் விடியக்காலைதானா?

கரைப்பயணி:
ஃபிரேமிலும் பிரேக்கிலும் இடம் இருந்தா 28 போடச் சொல்லுங்க. இல்லேன்னா ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கிற இலவச இணைய வரைபடத்துல அந்தச் சாலைகளுக்குத் தரை வகை குறிச்சிருக்கான்னு பாருங்க. மண்சாலைன்னு வர்ற துண்டை மட்டும் ஒதுக்கி வழியைத் திருப்பிக்கலாம். தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பா (வழியைச் சேமிச்சு வைக்கிற கோப்பு) ரெண்டு பேர் போன்லயும் இறக்கி வைங்க, உள்ளூர்களுக்குள்ள சிக்னல் போயிடும். பாதி தூரத்துக்குப் பிறகு ரயில் நிலையமோ பேருந்து நிலையமோ எங்கெங்க இருக்குன்னு குறிச்சுக்குங்க. முடியலைன்னா நிறுத்திடலாம்னு தெரிஞ்சாலே மனசு லேசாகும்.

திரும்புறப்ப விடிஞ்சதும் கிளம்பி வெயில் ஏறுறதுக்குள்ள பாதி முடிங்க. காலை எதிர்காத்து லேசாத்தான் இருக்கும். உச்சி வெயில்ல நிழல்ல படுத்து எழுந்து, பிற்பகல் மறுபடி ஏறினா கடல்காத்து முதுகுல தள்ளும். சாயங்காலம் சூரியன் இறங்கி மேற்கே கண்ணு கூசுறதுக்கு முன்னாடி ஊருக்குள்ள வந்துடணும்.

நெடுவழி:
போறப்ப எதிர்காத்து வந்தா அனுபவம் உள்ளவர் முன்னாடி போகட்டும், நீங்க அவர் சக்கரத்துக்குப் பின்னாடியே இருங்க. திடீர்னு பிரேக் பிடிக்காம, குழி வந்தா கையால காட்டணும்னு முன்கூட்டியே பேசிக்குங்க.

முகத்துவாரம்:
வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணில செயினை அலசி, துடைச்சு, காயவிட்டு எண்ணெய் விடுங்க. உப்புக்காத்து பட்ட செயின் ஒரு ராத்திரியிலேயே துருவேற ஆரம்பிக்கும். போல்ட் தலைகளையும் துடைங்க.

புதுச்சக்கரம்:
உள்சாலை, 4.30, நண்பருக்கு 28 மி.மீ. டயர். முடிவு பண்ணியாச்சு. வழியில ரயில் நிலையம் ரெண்டு இருக்கு, குறிச்சுக்கிட்டேன். போயிட்டு வந்து சாலை எப்படின்னு இங்கேயே எழுதுறேன்.