85 லென்ஸில் 1.8 போதுமா, 1.4 வேண்டுமா: புழங்கியவர்கள் சொல்வது

மதுரை, கல்யாண வேலை

கல்யாணப் படம் எடுக்க வருகிற பையன்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். "அண்ணே, 85 வாங்கப்போறேன். 1.8 எடுக்கவா, கடன உடன வாங்கியாச்சும் 1.4 எடுக்கவா?" (85 என்பது லென்ஸின் குவியத் தூரம், மில்லிமீட்டரில். 1.8, 1.4 என்பது அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழைகிற திறப்பு; எண் குறையக் குறையத் திறப்பு பெரிது.) தேடிப் பார்த்தால் செங்கல் சுவரையும் சோதனை அட்டையையும் எடுத்துக் காட்டி ஆளாளுக்குத் தீர்ப்பு சொல்கிறார்கள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிற ஜோடியை எடுத்துக் காட்டுகிறவர் குறைவு. அதனால் புழங்கியவர்கள் மட்டும் எழுதுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

என் சொந்த லென்ஸ் சோனி எஃப்இ 85, எஃப் 1.8. 2017-இல் வந்தது, 371 கிராம். சீசனில் வாடகைக்கு எடுப்பது சோனியின் ஜி மாஸ்டர் 85, எஃப் 1.4. 2016 மாடல், 820 கிராம். விலை ஏறக்குறைய மூன்று மடங்கு.

வெளிச்சக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். 1.4-இல் நுழைகிற வெளிச்சம் 1.8-ஐப் போல சுமார் 1.65 மடங்கு. வெளிச்சம் இரட்டிப்பானால் ஒரு ஸ்டாப்; அந்தக் கணக்கில் இது மூன்றில் இரண்டு பங்கு. 1.8-இல் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு சென்சார் காட்டும் உணர்திறன்) 3200 வைக்கிற இடத்தில் 1.4-இல் 2000 வைக்கலாம், அவ்வளவுதான். இப்போதைய ஃபுல் ஃப்ரேம் பாடியில் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள கேமராவில்) எடுத்து ஆல்பத்தில் அச்சடித்தால் இந்த வித்தியாசத்தைப் பெண்ணின் அப்பாவும் கண்டுபிடிக்க மாட்டார், நானும் கண்டுபிடிக்க மாட்டேன்.

ப்ளர், அதாவது பின்னணி மங்கிக் கரைகிற விஷயம் வேறு. முகத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் 1.8-இல் ஷார்ப்பாக விழுகிற ஆழம் சுமார் ஆறு சென்டிமீட்டர். 1.4-இல் நாலரை. தனியாகப் பெண்ணை மட்டும் எடுக்கும்போது இந்த ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு அழகு உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் மணவறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பெண் தலை குனிந்திருக்கும், மாப்பிள்ளை பின்னால் சாய்ந்து யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார். இரண்டு முகத்துக்கும் நடுவே அரை அடி இடைவெளி. அங்கே 1.4-ஐத் திறந்து வைத்தால் ஒருவர்தான் கிடைப்பார். நான் 2.8-க்குப் போய்விடுவேன், சில நேரம் 4. அந்த அபர்ச்சரில் இரண்டு லென்ஸில் எது எந்தப் படம் என்று ஃபைல் விவரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இன்னொன்றையும் பையன்கள் யோசிப்பதில்லை. நம் மண்டபங்களில் மேடை அலங்காரம் ஜோடியின் முதுகை ஒட்டியே நிற்கும். மூன்றடி பின்னால் பூப்பந்தல் இருந்தால் 1.2 போட்டாலும் அது முழுசாகக் கரையாது. அதே ஜோடியைப் பத்தடி முன்னால் கூட்டி வந்து நிறுத்தினால் 1.8-லேயே பந்தல் பஞ்சாகிவிடும். ஆளை நகர்த்தினால் வருகிற ப்ளர் லென்ஸை மாற்றினால் வருவதை விடப் பெரியது. முகூர்த்த நேரத்தில் நகர்த்த முடியாது, அது சரி. ரிசப்ஷனில் முடியும்.

பிறகு 1.4-ஐ எதற்கு வாடகைக்கு எடுக்கிறேன்? சீரியல் லைட்டுக்கும் குத்துவிளக்குக்கும். பின்னால் புள்ளி புள்ளியாக வெளிச்சம் இருக்கிற இரவு அவுட்டோரில் ஜி மாஸ்டரின் 11 இதழ் அபர்ச்சர் கொஞ்சம் மூடிய பிறகும் அந்தப் புள்ளிகளை வட்டமாகவே வைத்திருக்கிறது. 1.8-க்கு ஒன்பது இதழ். முழுசாகத் திறந்தால் ஓரத்துப் புள்ளிகள் இரண்டிலுமே பூனைக்கண் மாதிரி நீளும், அதை எதிர்பார்த்தே ஃப்ரேம் வைக்க வேண்டும்.

நாகர்கோவில், ஸ்டூடியோ

எனக்கு இந்தக் கேள்வியே கிடையாது. ஸ்டூடியோவில் ஃப்ளாஷ் வைத்து எஃப் 8-இல் எடுக்கிறேன். குடும்பப் படம், அறுபதாம் கல்யாணப் படம், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ரொஃபைல் படம் எல்லாம் அதே எஃப் 8. அங்கே எந்த 85-உம் நல்ல 85 தான். மிச்சப்படுகிற பணத்துக்கு இன்னொரு லைட்டும், வெளிச்சத்தை மென்மையாகப் பரப்புகிற பெரிய சாஃப்ட்பாக்ஸும் வாங்கினால் முகத்தில் தெரியும். மாநிறத் தோலுக்குப் பக்கவாட்டில் பெரிய சாஃப்ட்பாக்ஸ் வைத்துப் பாருங்கள், கன்னத்தில் ஒரு மினுமினுப்பு விழும். அதை எந்த லென்ஸும் தராது.

சென்னை, அவுட்டோர் ஷூட்

மதுரை அண்ணன் சொன்னதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன். அவர் தொடாத ஒன்று இருக்கிறது, நிறப் பிசிறு.

நான் அதிகம் எடுப்பது காலையில் கடற்கரையில், சூரியனை ஆளுக்குப் பின்னால் வைத்து. பட்டுப் புடவையின் ஜரிகை, ஜிமிக்கி, வெள்ளை வேட்டியின் ஓரம் எல்லாம் பளிச்சென்று எரியும். அப்போது என்னிடம் இருந்தது ஒரு மலிவு 85. திறந்து வைத்து எடுத்தால் ஃபோகஸுக்கு முன்னால் இருக்கிற ஜரிகை ஓரத்தில் ஊதாவும், பின்னால் இருப்பதில் பச்சையும் ஒட்டிக்கொள்ளும். எல்லா நிறமும் ஒரே தளத்தில் குவியாததால் வருவது இது. 2.8-க்கு மூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் 2.8-க்கு மூடவா இந்த லென்ஸை வாங்கினோம்?

எடிட்டிங்கில் சரிசெய்யலாமே என்பீர்கள். லைட்ரூம் மென்பொருளில் பிசிறை நீக்குகிற டிஃப்ரிஞ்ச் இருக்கிறது, நானும் போட்டேன். ஊதாப் பிசிறு போனது. கூடவே கல்யாணப் பெண்ணின் கத்தரிப்பூ நிறக் கரையும் ஓரமெல்லாம் சாம்பலாகிவிட்டது. கரையை விட்டுவிட்டு ஜரிகையை மட்டும் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டுத் திருத்த வேண்டும். ஒரு படத்துக்கு என்றால் பரவாயில்லை, ஆல்பம் முழுக்க என்றால் ராத்திரி தூக்கம் போச்சு.

இந்த ஒரு காரணத்துக்காகத்தான் மேல் வகைக்கு மாறினேன். ஆனால் விலை கூடினால் பிசிறு தானாகப் போய்விடும் என்று நினைக்காதீர்கள். டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஆடி வைத்த பழைய வகை கேமரா) காலத்து 1.2, 1.4 லென்ஸ்களிலும் இது தாராளமாக உண்டு. பார்க்க வேண்டியது விலைப்பட்டியலை அல்ல, எந்த வருஷத்து டிசைன் என்பதை. கடையில் ஒரு வெள்ளிக் கொலுசையோ சாவிக்கொத்தையோ ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, முழுசாகத் திறந்து எடுத்து, 100 சதவீதத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை.

திண்டுக்கல், புதியவர்

எல்லாரும் ஃபுல் ஃப்ரேம் பற்றியே பேசுகிறீர்கள். என்னிடம் இருப்பது நிக்கான் டி5300, கிராப் சென்சார், அதாவது ஃபுல் ஃப்ரேமை விடச் சின்ன சென்சார். செகண்ட் ஹேண்டில் பழைய ஏஎஃப் 50, எஃப் 1.8டி மலிவாகக் கிடைத்தது. வாங்கும் முன் கடையிலேயே மாட்டிப் பார்த்தேன், ஃபோகஸ் அசையவே இல்லை. கடைக்காரர் விளக்கினார்: டி வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, பாடிக்குள் மோட்டார் இருக்க வேண்டும், டி3000, டி5000 வரிசை பாடிகளில் அது இல்லை, டி7000 வரிசையில் உண்டு. கொஞ்சம் கூடக் கொடுத்து ஏஎஃப்-எஸ் 50, எஃப் 1.8ஜி எடுத்துக்கொண்டேன்.

கிராப்பில் 50 என்பது 75 மாதிரி. முகம் எடுக்க நன்றாகவே இருக்கிறது. 85 வாங்கினால் 127 மாதிரி ஆகிவிடும், எங்கள் ஊர் மண்டபத்தில் அதை வைத்துக்கொண்டு சமையல்கட்டு வரை பின்னால் போக வேண்டும். அடுத்த வருஷம் ஃபுல் ஃப்ரேமுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். அதற்காக இப்போதே 85 வாங்கி வைக்கலாமா?

கோவை, குழந்தைகள், குடும்பப் படம்

திண்டுக்கல் தம்பி, இப்போதே வாங்க வேண்டாம். பாடி எந்தக் கம்பெனிக்கு மாறும் என்றே உனக்கு இன்னும் தெரியாது. மிரர்லெஸ்ஸுக்கு (ஆடி இல்லாத புது வகை கேமரா) போனால் லென்ஸ் மாட்டுகிற மவுன்ட்டே மாறும்.

சமையல்கட்டு என்று நீ சொன்னதைக் கணக்காகவே சொல்கிறேன். ஃபுல் ஃப்ரேமில் 85 போட்டு, கேமராவை நெட்டாகப் பிடித்து, நிற்கிற ஆளைத் தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் கொஞ்சம் இடம் விட்டு முழுசாக எடுக்க நாலரை மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். 50-க்கு மூன்று மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. நான் வேலை செய்வது வீடுகளில். ஒரு படுக்கையறையில் கட்டில், பீரோ, தூளி எல்லாம் போக நாலரை மீட்டர் எங்கே இருக்கிறது? எனக்கு 85 என்றால் உட்கார்ந்த அம்மாவும் மடியில் பிள்ளையும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் 50.

50-இல் முகம் வீங்கித் தெரியும் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. மூக்கு பெரிதாகத் தெரிவது லென்ஸால் அல்ல, நாம் கிட்டப் போவதால். ஃப்ரேமை நிரப்பப் பக்கத்தில் போகிறோம், அதனால் மூக்கு கேமராவுக்கு நெருங்குகிறது. இரண்டு மீட்டர் தள்ளி நின்று 50-இல் எடுத்து, பிறகு வெட்டிக்கொண்டால் முகத்தின் வடிவம் 85-இல் எடுத்தது போலவே இருக்கும்.

இந்த இழையில் யாரும் பெரிதாகப் பேசாத ஒன்று, எடை. தூங்குகிற பிள்ளை மேல் குனிந்து ஒரு மணி நேரம் எடுக்கும்போது 371 கிராமும் 820 கிராமும் ஒன்றல்ல. மணிக்கட்டு சொல்லும். 2024-இல் வந்த ஜி மாஸ்டரின் இரண்டாம் பதிப்பு 642 கிராமுக்கு இறங்கியிருக்கிறது, விலை இறங்கவில்லை.

திருநெல்வேலி, முகங்கள்

நான் கூலிக்கு எடுப்பவன் அல்ல, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாரக் கடைசியில் சந்தையிலும் கோயில் கொடையிலும் வயசாளிகளின் முகத்தை எடுக்கிறவன். என்னிடம் இருப்பது கேனன் ஈஎஃப் 85, எஃப் 1.2 எல், இரண்டாம் பதிப்பு, 2006 டிசைன். 1025 கிராம். பழசாகத்தான் வாங்கினேன். அதே கேனனின் 85, எஃப் 1.8 வெறும் 425 கிராம், 1992-இலிருந்து கடையில் இருந்த லென்ஸ்.

1.2-இல் ஒரு மீட்டர் தூரத்தில் ஷார்ப்பாக விழுவது ஒரு சென்டிமீட்டரை விடக் குறைவு. இமை முடியில் ஃபோகஸ் விழுந்தால் கருவிழி தப்பிவிடும். உள்ளே நகர வேண்டிய கண்ணாடி கனமானது, அதனால் ஃபோகஸ் ஆடி அசைந்துதான் வரும். ஓடுகிற பிள்ளையை எடுக்க ஆகாது. ஃபோகஸ் வளையமும் மின்சாரத்தில் இயங்குவது, கேமரா அணைந்திருந்தால் திருப்பினாலும் ஒன்றும் நடக்காது. லென்ஸ் கழற்றும்போது கவனம் வேண்டும், பின் கண்ணாடி மவுன்ட் வாய் வரைக்கும் வந்து நிற்கிறது.

இத்தனையும் தெரிந்துதான் வைத்திருக்கிறேன். திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு பாட்டியிடம் அவசரம் கிடையாது, எனக்கும் கிடையாது. அந்தக் கண்ணிலிருந்து காது வரைக்கும் ஷார்ப் மெதுவாகக் கரைந்து போகிற விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. 1.8-இலும் கரைகிறது, ஆனால் இப்படி இல்லை. இதை அளந்து காட்ட என்னால் முடியாது, காட்டச் சொன்னால் படத்தைத்தான் காட்டுவேன். வேலைக்கு வேண்டும் என்று கேட்கிறவரிடம் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். கல்யாணக்காரர்களுக்கு மதுரைக்காரர் சொன்னதே சரி.

ஒரு விஷயம் மட்டும் கூடுதலாக. டிஎஸ்எல்ஆர் பாடியில் இவ்வளவு திறந்து எடுக்கும்போது ஃபோகஸ் ஒரு நூல் முன்னாலோ பின்னாலோ விழும். அதைத் திருத்துகிற மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் ஆரம்ப நிலை பாடிகளில் கிடையாது. இப்போது அடாப்டர் வைத்து மிரர்லெஸ்ஸில் போடுகிறேன். சென்சாரிலேயே ஃபோகஸ் பார்க்கிறது, கண்ணைத் தானே பிடிக்கிறது, அந்தத் தொல்லை போய்விட்டது. பழைய பாடி வைத்துக்கொண்டு பெரிய லென்ஸுக்குச் சேர்த்து வைக்கிறவர்கள் முதலில் பாடியை மாற்றுங்கள். மிரர்லெஸ்ஸில் 1.8 போடுகிறவருக்குக் கண் ஷார்ப்பாக விழுகிற படங்கள், பழைய பாடியில் 1.2 போடுகிறவரை விட அதிகம் கிடைக்கும்.

தூத்துக்குடி

பழசு வாங்குகிறவர்களுக்கு: அபர்ச்சரை முழுசாகத் திறந்து, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பூஞ்சை. எங்கள் ஊர்க் காற்றுக்கு இரண்டு மழைக்காலம் பையிலேயே கிடந்த லென்ஸ் எதுவானாலும் சந்தேகம்தான். 1.4-க்குக் காசு சேர்க்கிறீர்கள் என்றால் ஈரப்பதத்தை 40-50 சதவீதத்தில் வைக்கிற டிரை கேபினெட்டுக்கும் சேர்த்துச் சேருங்கள். முடியாவிட்டால் மூடி இறுகுகிற டப்பாவும் சிலிகா ஜெல்லும். அரிசி டப்பாவில் போடாதீர்கள், தூசி.

தஞ்சாவூர், முதல் சீசன்

எல்லாருக்கும் நன்றி அண்ணே, அக்கா. 1.8 வாங்கிவிடுகிறேன். தை மாதம் ஒரு ரிசப்ஷன் அவுட்டோர் இருக்கிறது, அதற்கு மட்டும் 1.4 வாடகை. ஹோமப் புகைக்கும் தெறிக்கிற அட்சதைக்கும் முன்னால் யூவி ஃபில்டர் போடலாம் என்று இருக்கிறேன். ஒரே ஃபில்டர் இரண்டுக்கும் ஆகுமா?

மதுரை, கல்யாண வேலை

ஆகாது தம்பி. ஃபில்டர் விட்டம் 1.8-க்கு 67 மி.மீ., ஜி மாஸ்டருக்கு 77. உன் லென்ஸுக்கு 67 வாங்கு, கோட்டிங் உள்ளதாகப் பார்த்து வாங்கு. வாடகை லென்ஸுக்கு ஹூடை மட்டும் மாட்டிக்கொள். சீரியல் லைட் முன்னால் ஃபில்டர் போட்டால் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பேய் விளக்கு கூடவே வரும்.