‘ரன்’ என்றால் ஓடு மட்டும்தானா? தெரியாமல் ஓட்டிவிட்டு மாட்டிக்கொண்டேன்

புளியமரம்:
வணக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் வேலை, பாதி நாள் அமெரிக்க வாடிக்கையாளரோடு போன் கால். போன வாரம் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி முடித்ததும் மேனேஜர் சாட்டில் ‘ரன் இட் பை மீ ஃபர்ஸ்ட்’ என்று போட்டார். நடுவில் இருந்த ‘பை மீ’ என் கண்ணிலேயே படவில்லை. சரி, முதலில் ஓட்டிவிடச் சொல்கிறார் என்று ஓட்டிவிட்டேன், அதுவும் நேராக வாடிக்கையாளரின் டேட்டாபேஸில். பேக்கப் இருந்ததால் தப்பித்தேன், ஆனால் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து பழையபடி ஆக்க வேண்டியிருந்தது. ‘என்னிடம் ஒரு தடவை காட்டிக் கேட்டுக்கொள்’ என்பதுதான் அதற்கு அர்த்தமாம். அதற்கும் ஓடுவதற்கும் என்ன சம்பந்தம்?

அதற்கப்புறம் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டால் ஒரே போன் காலில் ஐயாம் ரன்னிங் லேட், வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம், லெட்ஸ் ரன் த்ரூ த லிஸ்ட், மை சன் இஸ் ரன்னிங் எ ஃபீவர் என்று வரிசையாக வருகிறது. யாரும் எங்கும் ஓடக் காணோம். இதற்கெல்லாம் அடியில் ஒரே ஒரு பொருள் இருக்கிறதா, இல்லை ஒவ்வொன்றாக மனப்பாடம்தானா?

சுக்குக்காப்பி:
தம்பி, பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதைத் தெரிந்ததாக நீங்கள் நினைக்கவில்லை, அவ்வளவுதான். நம் ‘ஓடு’ சும்மாவா? ஃபேன் ஓடுகிறது, ஆட்டோவில் மீட்டர் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மனதில் ஏதோ ஓடுகிறது, பயந்தால் கை ஓடவில்லை கால் ஓடவில்லை. ‘எப்படி இருக்கீங்க’ என்றால் ‘ஏதோ வண்டி ஓடுது’ என்கிறோம், வண்டியே இல்லாதவர்கூட. இதில் ஃபேனுக்கும் படத்துக்கும் ஆங்கிலத்திலும் அதே ரன்தான். அடுத்தது ‘ஓட்டு’. கடையை ஓட்டுகிறோம், குடும்பத்தை ஓட்டுகிறோம், பொழுதை ஓட்டுகிறோம். ரன் எ பிசினஸ் என்று பார்த்ததும் உங்களுக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் வந்திருக்காது, ஏனென்றால் அது தமிழிலேயே இருக்கிறது.

நாம் தானாக நடப்பதற்கு ஓடு, இன்னொருவர் நடத்துவதற்கு ஓட்டு என்று இரண்டு சொல் வைத்திருக்கிறோம். அவர்களுக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் ரன் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, யாரோ எதையோ ஓட்டுகிறார்களா, இல்லை அதுவே ஓடுகிறதா என்று.

பனங்கொட்டை:
சுக்குக்காப்பி சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். அந்த ஓடு, ஓட்டு வேறுபாடு எல்லாத் தமிழருக்கும் ஒரே மாதிரி இல்லை. நான் யாழ்ப்பாணம். நாங்கள் ‘கார் ஓடத் தெரியுமோ’, ‘சைக்கிள் ஓடிப் பழகினேன்’ என்றுதான் கதைப்போம். முதன்முதல் சென்னைக்கு வந்தபோது ‘எனக்குக் கார் ஓடத் தெரியும்’ என்றேன், கேட்டவர் ஒரு நிமிடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். கார் ஓடும், அதை நானும் ஓடுவேன், இரண்டும் எங்களுக்குச் சரி. அந்த விதத்தில் நாங்கள் ஆங்கிலத்துக்குக் கொஞ்சம் கிட்ட.

அப்புறம் கிரிக்கெட். எங்கள் பத்திரிகைகளில் ‘ஓட்டங்கள்’ என்றுதான் போடுவார்கள், உங்கள் பக்கம் பெரும்பாலும் ‘ரன்கள்’. சிக்ஸர் அடித்தவர் இருந்த இடத்திலேயே நிற்கிறார், கணக்கில் ஆறு ஓட்டம்! ரன் என்ற சொல் காலை விட்டுவிட்டு எவ்வளவு தூரம் போய்விட்டது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மொட்டைமாடி:
எல்லாவற்றையும் ‘ஓடு’ வழியாகப் பிடிக்கலாம் என்று நம்பிப் போனால் இன்னொரு ராத்திரி இரண்டு மணி வரை உட்கார வேண்டி வரும் என்று எச்சரிக்கிறேன். நான் கொஞ்ச நாள் சப்டைட்டில் மொழிபெயர்த்தவன், அடிபட்டுக் கற்றது இது. அவர்களுக்கு மூக்கு ரன் ஆகும், நமக்கு ஒழுகும். துணியில் சாயம் ரன் ஆகும், நமக்குப் போகும். சாலையில் சிவப்பு விளக்கை ரன் பண்ணினால் சிக்னலில் நிற்காமல் போனான் என்று பொருள். ‘சிவப்பு விளக்கை ஓட்டினான்’ என்று எழுதினால் சிரிப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது தேர்தல். அமெரிக்கர் தேர்தலில் ஓடுகிறார், ரன்னிங் ஃபார் பிரசிடென்ட். பிரிட்டனிலோ வேட்பாளர் நிற்கிறார், ஸ்டேண்டிங் ஃபார் பார்லிமென்ட். நாமும் ‘எங்கள் தொகுதியில் அவர் நிற்கிறார்’ என்றுதான் சொல்கிறோம். ஒரே வேலை, ஒருவர் ஓடுகிறார், ஒருவர் நிற்கிறார். (ஜெயித்த பிறகு ஆளைப் பார்க்க நாம்தான் ஓட வேண்டும், அது வேறு கதை.)

என் வழி இதுதான்: ரன்னை விட்டுவிட்டு அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் குட்டிச் சொல்லைப் பாருங்கள். அவுட் வந்தால் தீர்ந்துபோவது, பால் தீர்ந்தாலும் சரி நேரம் தீர்ந்தாலும் சரி. இன்டு வந்தால் எதிர்பாராமல் மோதுவது, அது சுவராகவும் இருக்கலாம், பழைய நண்பராகவும் இருக்கலாம், கஷ்டமாகவும் இருக்கலாம். த்ரூ என்றால் மேலிருந்து கீழ்வரை ஒரு நடை பார்த்துவிடுவது. ஓவர் கொஞ்சம் ஆபத்து. கூட்டம் ரன் ஓவர் ஆனால் நேரம் தாண்டிவிட்டது, நாய் ரன் ஓவர் ஆனால் வண்டி ஏறிவிட்டது. உங்கள் காலை வாரியது பை. அந்த விஷயத்தை என் பக்கமாக ஒரு தடவை நடத்திக்கொண்டு போ, நான் ஒரு பார்வை பார்க்கிறேன் என்று படம் பிடித்து வைத்துக்கொண்டால் மறக்காது.

அகராதிப்பூச்சி:
புளியமரம், நீங்கள் வெட்கப்பட ஒன்றுமே இல்லை, ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்களே இந்தச் சொல்லிடம் திணறியவர்கள்தான். ரொம்ப காலம் ‘செட்’ என்ற வினைச்சொல்தான் அதில் முதலிடம். 20 தொகுதிகளாக 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்குச் சுமார் 430 பொருள். அப்புறம் பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் ரன்னை எடுத்துக்கொண்டு ஒன்பது மாதம் உட்கார்ந்தார். 2011-இல் அது வெளியே தெரிந்தபோது வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் பிரித்திருந்தார். பெயர்ச்சொல்லாக வரும் ரன் அந்தக் கணக்கில் கிடையாது.

ஏன் இவ்வளவு வீங்கியது என்பதற்கு ஒரு காரணம் இயந்திரம். ரயில், கடிகாரம், மோட்டார், கடைசியில் கம்ப்யூட்டர் புரோகிராம் என்று புதிதாக வந்த எல்லாவற்றையும் ரன் என்ற ஒரே சொல்லில் ஏற்றிவிட்டார்கள். நாமும் அதே வேலையைத்தான் செய்தோம். ஃபேன் வருவதற்கு முன்னால் எது சுழன்றபடியே ஓடியது?

மொட்டைமாடிக்கு ஒரு சின்ன மறுப்பு. மூக்கு ரன் ஆவது ஏதோ விசித்திரமான நீட்சி இல்லை, அது மிகப் பழைய பொருள். நீர் போவதையும் கால் போவதையும் பழைய ஆங்கிலமே இந்தச் சொல்லில்தான் சொன்னது. அதன் உறவான ஜெர்மன் ‘ரின்னன்’ இன்றும் நீர்ம ஓட்டத்துக்குத்தான், கால் ஓட்டத்துக்கு ‘ரென்னன்’ என்று தனியாக இருக்கிறது. பாலை உறைய வைத்துச் சீஸ் செய்யப் போடும் ரென்னெட்கூட இந்தக் குடும்பம்தான், ஒரு காலத்தில் பால் திரண்டு சேர்வதையும் ரன் என்றார்கள். நம்மிடமும் ஆறு ஓடுகிறது, ஓடை என்ற பெயரிலேயே ஓட்டம் இருக்கிறது. ஆகவே ஓடும் ஆளை நினைக்காமல் ஓடும் தண்ணீரை நினைத்தால் சாயம், மூக்கு, குழாய், நேரம் தீர்வது எல்லாம் ஒரு வழிக்கு வந்துவிடும். தேர்தல் வராது, அதை ஒப்புக்கொள்கிறேன்.

சுக்குக்காப்பி:
ஃபீவருக்கும் தண்ணீர் வராதே பூச்சியாரே! ஆனால் அதைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது. நமக்குக் காய்ச்சல் ‘அடிக்கிறது’. வெயிலும் அடிக்கிறது, மணியும் அடிக்கிறது, சுவருக்குப் பெயின்ட்டும் அடிக்கிறோம், பரீட்சையில் காப்பியும் அடிக்கிறோம். போர் அடித்தால் படத்துக்குப் போகிறோம். எங்கள் தெருவில் குடியிருந்த வடநாட்டுப் பையன் ஒருவன் ஆறு மாதம் தமிழ் படித்துவிட்டு ‘ஆன்ட்டி, இந்த ஊரில் எல்லாருமே எல்லாவற்றையும் அடிக்கிறீர்களே’ என்று கேட்டான்.

புளியமரம்:
எல்லாருக்கும் நன்றி. தண்ணீர், குட்டிச் சொல், யார் ஓட்டுவது என்ற மூன்றையும் மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டிவிட்டேன். மொட்டைமாடி சொன்ன பை படம் நன்றாக ஒட்டிக்கொண்டது, இனி அது கண்ணில் படாமல் போகாது. ஒன்றே ஒன்று. இன்று காலை ஒரு யோசனையை மேனேஜருக்கு அனுப்பினேன், ‘நைஸ், ரன் வித் இட்’ என்று பதில் வந்திருக்கிறது. எடுத்துக்கொண்டு ஓடிவிடு என்கிறாரா?

மொட்டைமாடி:
பிடித்திருக்கிறது, நீயே எடுத்துக்கொண்டு மேலே செய் என்று அர்த்தம். இந்தத் தடவை தைரியமாக ஆரம்பிக்கலாம். ஆனால் டேட்டாபேஸ் பக்கம் போவதாக இருந்தால் தயவுசெய்து ரன் இட் பை ஹிம்.