சின்னப் பெட்டிக்குள் ஓவர்கிளாக்: எந்த மதர்போர்டு வாங்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் மூவறை வீடு. என் மேசை துணி அலமாரிக்கும் சன்னலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் மினி ஐடிஎக்ஸ் என்ற சின்ன மதர்போர்டு அளவில் ஒரு கணினி கட்டப் பார்க்கிறேன். கையில் 900 வெள்ளி. கிராபிக்ஸ் கார்டு அண்ணனுடைய பழையது.

பிராசசர் ஏஎம்டியின் ரைசன் 5 5600தான்: ஆறு கோர், 65 வாட். சிக்கல் மதர்போர்டில், அதாவது பாகங்களை எல்லாம் இணைக்கும் பலகையில். ஒரு கடையில் ஏ520 சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) உள்ளது போதும் என்றார்கள். அந்தச் சிப்செட்டில் பிராசசரை ஓவர்கிளாக் செய்யவே, அதாவது குறித்த வேகத்தைத் தாண்டி ஓட்டவே முடியாது, நல்லவேளை படித்துவிட்டுப் போயிருந்தேன். பி550 ஐடிஎக்ஸ் விலை கையைக் கடிக்கிறது. கேரோசல் விற்பனைத் தளத்தில் பழைய பி450 எடுக்கலாம், ஆனால் பயாஸ் (போர்டைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) பழையதாக இருந்தால் 5600 எழும்பாது. புதுப்பிக்க என்னிடம் வேறு பிராசசரும் இல்லை. யாராவது இரவல் தருவீர்களா?

அப்புறம் சூடு. பிராசசரைக் குளிர்விக்கும் கூலருக்கு 67 மில்லிமீட்டர் உயரம்தான் இடம். மத்தியானம் அறையே 31 டிகிரி, ஏர்கான் போட்டால் அம்மா மின்கட்டணத்தைக் காட்டுவார். இந்த நிலையில் எல்லாக் கோரிலும் 4.5 கிகாஹெர்ட்ஸ் தாங்குமா, இல்லை மின்னழுத்தத்தைக் குறைத்து ஓட்டுவதுதான் புத்திசாலித்தனமா? சின்னப் பெட்டியில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். சனிக்கிழமை கணினிக் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேர் போகிறேன்.