குழாய் நுனியில் இருக்கும் ஏரேட்டருக்குத் தமிழில் என்ன பெயர்?

முதல் மடல்

அன்புடையீர், வணக்கம். தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்கான குழாய்ப்பணிப் பாடமொன்றைத் தமிழாக்கித் திங்கட்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். சமையலறைக் குழாயில் தண்ணீர் குறைந்தால் எங்கே பார்ப்பது என்பதே பாடம். வீட்டின் மற்ற குழாய்களில் நன்றாக வந்து இதில் மட்டும் நூலாக ஒழுகினால், குழாய் வாயில் மரையிட்டுத் திருகியுள்ள சிறு வில்லையைக் கழற்றிவிட்டுத் திறந்து பார்க்க வேண்டும். தண்ணீர் பீறிட்டு வந்தால் அடைப்பு வில்லையில் இருக்கிறது. வராவிட்டால் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் நீரை அடைத்துத் திறக்கும் ஆங்கிள் வால்வையும் இணைப்புக் குழலையும் பார்க்க வேண்டும். நீரோடு காற்றைக் கலக்கும் அந்த வில்லைதான் ஏரேட்டர்; அதைக் ‘காற்றூட்டி’ என்று எழுதியிருக்கிறேன். இறால் குளங்களில் சுழலும் துடுப்புப் பொறிக்கும் அப்பெயர் வழங்குவதால் தயங்குகிறேன்.

மறுமொழி

தங்கள் தயக்கம் சரியானதே, ஐயா. ஊட்டுதல் என்பது ஒன்று வலிந்து மற்றொன்றுக்குக் கொடுப்பது. குளத்துப் பொறி அதைச் செய்கிறது. இங்கோ, குறுகிய துளைகளில் விரைந்து பாயும் நீரே பக்கத்துளை வழியாகக் காற்றை உள்ளிழுத்துக்கொள்கிறது. ஆகவே ‘வளிகலப்பி’ என்போம். வளி என்றால் காற்று; புறநானூற்றில் ‘வளிதொழில் ஆண்ட உரவோன்’ என்று கரிகாலனின் முன்னோனைப் பாடிய சொல் அது. இன்னும் பழமை வேண்டுமென்றால் ‘கால்’ இருக்கிறது: காற்று என்பதும் கால்தான், வாய்க்காலில் நீரோடும் வழியும் கால்தான். காற்றும் நீர்வழியும் ஒரே சொல்லில் அடங்குவதால் ‘காற்கலப்பி’ இக்கருவிக்கென்றே அமைந்ததாகத் தோன்றுகிறது.

மறுமொழி

காற்கலப்பி என்றால் படிப்பவர் காலைத்தான் நினைப்பார், அம்மா. வளி என்றால் வாதநோயை நினைப்பவரும் உண்டு. நான் குழாய்ப்பணி ஒப்பந்தம் எடுப்பவன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரும் வீடுகளில் இந்த வில்லையைக் கழற்றினால், வலைமேல் வெள்ளைச் சுண்ணப் படிவும் தொட்டி மணலும் அப்பிக்கொண்டிருக்கும். வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போய்விடும். அடைவதும் கழுவுவதும் வலையைத்தான் என்பதால் ‘நுனிச் சல்லடை’ என்று எழுதுங்கள். கை எங்கே போக வேண்டும் என்பது பெயரிலேயே தெரியும்.

மறுமொழி

சல்லடை என்ற பெயரை ஏற்க முடியவில்லை. வலை அதன் ஓர் அடுக்கு மட்டுமே. உள்ளே ஓட்டத்தைக் குறைக்கும் தட்டும் இருக்கிறது. பெயர் சல்லடையானால், வலையை மட்டும் வைத்துக்கொண்டு அத்தட்டை வீசிவிடுவார்கள். 2024 மார்ச்சில் பெங்களூருக் குடிநீர் வாரியம் வணிக வளாகங்களிலும் உணவகங்களிலும் ஏரேட்டரைக் கட்டாயமாக்கியது நீரைச் சிக்கனப்படுத்தவே, மண்ணை வடிகட்ட அன்று. மேலும், மேல்நிலைத் தொட்டிக்கு மூன்று மீட்டர் கீழே இருக்கும் மாடிச் சமையலறையில் அழுத்தம் ஏறக்குறைய 0.3 பார் (bar என்னும் அழுத்த அலகு) தான், அங்கே வில்லை சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் மெலிந்தே வரும். பாடத்தில் இதையும் சேர்க்க வேண்டுகிறேன்.

முதல் மடலாளர்

அழுத்தம் பற்றிய பத்தியைச் சேர்த்துவிட்டேன், நன்றி. மாணவர் கடையில் கேட்கப்போவது ஏரேட்டர்தான் என்பதால் முதன்முறை வருமிடத்தில் ‘காற்றுக்கலப்பி என்னும் ஏரேட்டர்’ என்றும், பின்னர் காற்றுக்கலப்பி என்றும் எழுதி அனுப்புகிறேன். பெரும்பாலோர் இதற்கு இசைந்துள்ளனர்.

மறுமொழி

அச்சுக்கு அது போகட்டும். ஆயினும் ‘வளிமண்டலம்’ பள்ளிப் பாடநூலில் நிலைத்துவிட்ட பிறகு ‘வளிகலப்பி’ மட்டும் மாணவருக்குப் புரியாது என்பதை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.