தப்பி வந்த அடிமைகளைக் காத்த மாநிலச் சட்டங்கள்: உச்ச நீதிமன்றம் எப்படி விட்டது?

தேர்வுக்காரி:
யு.பி.எஸ்.சி.க்கு வரலாறு விருப்பப்பாடம். தப்பி வந்த அடிமையைத் திருப்பித் தர வேண்டும் என்று அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே இருந்ததாம். பிறகு வட மாநிலங்கள் எப்படி அவர்களைக் காக்கச் சட்டம் போட்டன? உச்ச நீதிமன்றம் சும்மா விட்டதா?

பழைய வாத்தியார்:
விடவில்லை. ஆனால் அடித்த கையோடு ஒரு ஓட்டையையும் திறந்துவிட்டது.

மார்கரெட் மார்கன் மேரிலாந்தில் அடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர்; கணவர் அடிமையல்லாத கறுப்பினத்தவர். 1832இல் பென்சில்வேனியாவுக்குக் குடிபோனார்கள். 1837இல் அடிமை பிடிக்கும் எட்வர்ட் பிரிக்கும் கூட்டாளிகளும் வந்து அவரையும் பிள்ளைகளையும் தூக்கிப் போனார்கள். பென்சில்வேனியாவிலேயே பிறந்த குழந்தையையும் சேர்த்து! இப்படிப் பலவந்தமாகத் தூக்கிப் போவதைத் தடுத்த 1826 மாநிலச் சட்டப்படி பிரிக் குற்றவாளி. 1842இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டமே செல்லாது என்றது. தீர்ப்பெழுதிய ஜோசப் ஸ்டோரி இன்னொன்றும் சொன்னார்: பிடித்துக் கொடுப்பது மத்திய அரசின் பொறுப்பு, மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது.

அது போதாதா? அதே ஆண்டு மாசசூசெட்ஸின் பாஸ்டனில், தப்பி வந்த ஜார்ஜ் லாட்டிமர் பிடிபட்டார். 60,000 பேருக்கு மேல் கையெழுத்திட்ட மனு மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்குப் போனது. 1843இல் சட்டம் வந்தது. எங்கள் நீதிபதி, எங்கள் போலீஸ், எங்கள் சிறை எதுவும் இந்த வேலைக்குக் கிடையாது. பிடிக்கிறவன் அடைக்கவும் இடம் பார்த்துக்கொள்ளட்டும்!

தேர்வுக்காரி:
அப்புறம் தப்பி வந்த அடிமைகளைப் பிடிக்க மத்திய அரசு போட்ட 1850 சட்டம் எதற்கு?

பழைய வாத்தியார்:
அந்த ஓட்டையை அடைக்கத்தான். விசாரிக்க மத்திய ஆணையர்கள். ஆளை எஜமானரிடம் ஒப்படைத்தால் ஆணையருக்கு 10 டாலர், விட்டுவிட்டால் 5. ஒப்படைக்க எழுத்துவேலை அதிகமாம்! வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சுகூடச் சிரிக்கும். பிடிபட்டவர் தன் வாயால் சாட்சி சொல்லவும் முடியாது. 1854இல் தப்பி வந்த ஆண்டனி பர்ன்ஸை பாஸ்டனிலிருந்து கொண்டுபோன பிறகு, மாசசூசெட்ஸ் 1855இல் பிடிபட்டவருக்கு வழக்கறிஞர், ஜூரி விசாரணை என்று சட்டத்தை இன்னும் இறுக்கியது.

மதுரைக்காரன்:
உள்நாட்டுப் போரே மாநில உரிமைக்காக என்பார்களே?

பழைய வாத்தியார்:
தம்பி, 1860 டிசம்பரில் தென் கரோலினா பிரிந்துபோகச் சொன்ன காரணங்களைப் படித்துப் பாருங்கள். மத்தியச் சட்டத்துக்கு ஒத்துழைக்காத மாநிலங்கள் என்று வெர்மான்ட், மாசசூசெட்ஸ், விஸ்கான்சின் எனப் பெயர் சொல்லியே குறை அடுக்குகிறது. மற்ற மாநிலங்களின் உரிமைதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

தேர்வுக்காரி:
நன்றி சார். லாட்டிமர் என்ன ஆனார்?

பழைய வாத்தியார்:
400 டாலர் கொடுத்து மீட்டுவிட்டார்கள். மார்கரெட் பென்சில்வேனியாவுக்குத் திரும்பவில்லை.